மணலும் நீரும்: காசி – இராமேசுவர யாத்திரையின் உட்பொருள்

தமிழ்நாட்டில் சில சமூகத்தாரின் திருமணங்களில் ‘காசி யாத்திரை’ என்றொரு சடங்கு நடைபெறுவதை நேயர்கள் பலர் கண்டிருப்பர். மாப்பிள்ளை புதுக்குடை பிடித்து, கையில் தடியும் விசிறியும் ஏந்தி, காசிக்குப் புறப்பட்டுவிட்டதாகத் தெருவில் பத்தடி நடப்பார். பெண்ணின் தந்தை எதிரே வந்து தம் மகளை மணந்து இல்லறம் நடத்துமாறு வேண்டி அவரை அழைத்து வருவார். உறவினர் சிரிப்பர், சிறுவர் ஆரவாரம் செய்வர். வேடிக்கை போலத் தோன்றும் இச்சடங்கிற்கு ஆழ்ந்த பொருள் உண்டு. கல்வி முடித்த இளைஞனின் முன்னே இரண்டு வழிகள் கிடக்கின்றன. ஒன்று இல்லறம், மற்றொன்று துறவறம். அந்தத் துறவு வழிக்கு நம் முன்னோர் இட்ட பெயர்தான் காசி.

தீபாவளியன்று விடியற்காலையில் எண்ணெய் தேய்த்து நீராடியவரை ‘கங்கா ஸ்நானம் ஆயிற்றா?’ என்று கேட்பதும் நம் இல்லங்களில் பழகிய வழக்கமே. கேட்பவரும் கேட்கப்படுபவரும் கங்கையைக் கண்ணால் கண்டிராதவராக இருக்கலாம். அண்டாவில் காய்ச்சிய கிணற்று நீர் அன்றைக்கு ஒரு நாள் கங்கையாகிவிடுகிறது. இவ்வாறு காசியும் கங்கையும் நெடுங்காலமாகத் தமிழர் உள்ளத்தில் தொலைவில் உள்ளவையாகவும், அதே வேளையில் வீட்டிற்குள் இருப்பவையாகவும் விளங்கி வந்துள்ளன.

ஆயினும் தில்லியிலும் கான்பூரிலும் கல்கத்தாவிலும் குடியேறி வாழும் நமக்கு, காசி இன்று தொலைதூரம் அன்று. ஓர் இரவு ரயில் பயணம். வெள்ளிக்கிழமை மாலை அலுவலகத்திலிருந்து புறப்பட்டவர், கங்கையில் முழுகி விசுவநாதரைத் தரிசித்துத் திங்கட்கிழமை காலை மீண்டும் தம் நாற்காலியில் அமர்ந்துவிடலாம். முன்னோர் உயில் எழுதி வைத்துவிட்டு மாதக்கணக்கில் நடந்த வழியை நாம் உறக்கத்திலேயே கடந்துவிடுகிறோம். அப்படியானால் யாத்திரையின் பொருள் குறைந்துவிட்டதா? வடநாட்டிலேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள், ‘இங்கிருக்கும் ஆற்றில் குளிப்பதற்கு இத்தனை சடங்குகள் எதற்கு?’ என்று கேட்கும்போது நாம் என்ன விடை கூறுவது? இக்கேள்வியைத் தட்டிக்கழிக்காமல் சற்றே ஆராய்வோம்.

முதலில் சொற்களைக் கவனிப்போம். ‘தீர்த்தம்’ என்றால் கோயிலில் உள்ளங்கையில் வாங்கிப் பருகும் நீர் என்றே இன்று நாம் எண்ணுகிறோம். கடத்தல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து பிறந்த இச்சொல், ஆற்றை இறங்கிக் கடப்பதற்குரிய இடத்தை முதலிற் குறித்தது. நம் மொழியில் அதற்கு நேரான சொல் ‘துறை’ என்பதாகும். நீராடும் இடமும் துறை. ஓடம் ஏறும் இடமும் துறை. ஆகவே தீர்த்த யாத்திரை என்பது நீரைத் தேடிச் செல்வதன்று. கடப்பதற்குரிய இடத்தைத் தேடிச் செல்வது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போவதே நோக்கம். எதைக் கடப்பது, எப்படிக் கடப்பது என்பதைச் சடங்குகள் ஒவ்வொன்றாகச் சொல்லித் தருகின்றன.

காசி யாத்திரை காசியில் தொடங்குவதன்று. காசியில் முடிவதும் அன்று. மரபுப்படி அது இராமேசுவரத்தில் தொடங்கி இராமேசுவரத்திலேயே நிறைவு பெறுகிறது. யாத்திரிகர் முதலில் சேதுக்கரையில் நீராடிக் கடல் மணலை எடுப்பர். அம்மணலால் மூன்று இலிங்கங்கள் பிடித்து, சேது மாதவர், வேணி மாதவர், பிந்து மாதவர் என்று பெயரிட்டு வழிபடுவர். சேது மாதவர் இராமேசுவரத்திலும், வேணி மாதவர் பிரயாகையிலும், பிந்து மாதவர் காசியிலும் கோயில் கொண்டுள்ள திருமாலின் திருப்பெயர்கள். வடிவமோ சிவலிங்கம், பெயரோ மாதவன். சைவம், வைணவம் என்ற வேறுபாடு யாத்திரையின் முதல் படியிலேயே கரைந்துவிடுகிறது. பின்னர் அம்மணலைப் பத்திரமாக முடிந்துகொண்டு வடக்கே சென்று, பிரயாகையில் கங்கையும் யமுனையும் கலக்குமிடத்தில் கரைப்பர். அங்கிருந்து கங்கை நீரை எடுத்து வந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்வர். அப்போதுதான் யாத்திரை முற்றுப் பெறும்.

இரண்டு ஊர்களுக்கும் இடையே 2,000 கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. தெற்கின் மணல் வடக்கின் நீரிற் கரைகிறது; வடக்கின் நீர் தெற்கின் மணலில் எழுந்த இலிங்கத்தை நனைக்கிறது. ‘மணலில் எழுந்த இலிங்கம்’ என்று நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. இராவணனை வதம் செய்த பழி நீங்க இராமபிரான் சிவபூசை செய்ய விரும்பினார். கயிலையிலிருந்து இலிங்கம் கொண்டுவரச் சென்ற அனுமன் குறித்த வேளைக்குள் திரும்பவில்லை. எனவே சீதாபிராட்டி கடற்கரை மணலையே குவித்து இலிங்கமாக அமைத்தார் என்பது தல வரலாறு. பின்னர் வந்து சேர்ந்த அனுமன் மனம் வருந்தாதபடி, அவர் கொணர்ந்த விசுவலிங்கத்திற்கே முதற் பூசை நடக்குமென்று இராமர் வகுத்தார் என்பர். தொலைவிலிருந்து வந்ததற்கு முதல் மரியாதை. காலடியில் கிடந்த மண்ணுக்கும் தெய்வ நிலை. இவ்விரண்டையும் ஒருங்கே கூறுவதால்தான் இக்கதை காசி – இராமேசுவர யாத்திரைக்கு அடிப்படையாக அமைகிறது.

மணலை எடுத்துச் செல்வதன் உட்பொருள் இப்போது விளங்கும். யாத்திரிகர் வெறுங்கையுடன் போவதில்லை. தம் நிலத்தின் ஒரு பிடியைச் சுமந்து போகிறார். அதை அங்கே கரைத்து விடுகிறார். அதாவது ‘என் ஊர், என் நிலம்’ என்ற பற்றைப் பொது நீரில் விட்டுவிடுகிறார். திரும்பும்போது நீரைச் சுமந்து வருகிறார். அதையும் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் இறைவனுக்கு வார்த்துவிடுகிறார். போகும்போதும் சுமை, வரும்போதும் சுமை, ஆனால் இரண்டும் தமக்கு உரியவை அல்ல. இதுவே இந்த யாத்திரையின் உயிர்நிலை என்று நாம் கருதுகிறோம்.

1964 டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடி நகரை அழித்தது. பயணிகளுடன் வந்த ரயில் ஒன்றும் கடலுக்கு இரையாயிற்று. அந்த நகரம் மீண்டும் எழவில்லை. 1914-ல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்திற்குப் பதிலாக 2025 ஏப்ரலில் புதிய பாலம் வந்துவிட்டது. இத்தனை மாறுதல்களுக்கு இடையிலும், இடிந்த சுவர்களைக் கடந்து கடல்முனைக்குச் சென்று பிடிமணல் எடுக்கும் வழக்கம் நின்றுவிடவில்லை. சடங்கு கட்டிடத்தைச் சார்ந்து நிற்பதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இனி வடக்கே நடைபெறும் சடங்குகளைக் காண்போம். பிரயாகை, 2018-ல் பிரயாக்ராஜ் என்று பெயர் மாற்றம் பெற்ற அலகாபாத் நகரம் ஆகும். அங்கே இரண்டு ஆறுகள் கண்ணுக்குத் தெரிகின்றன. மூன்றாவதாகிய சரசுவதி கண்ணுக்குத் தெரியாமல் கலப்பதாக நம்பிக்கை. காண்பதோடு காணாததும் சேர்ந்தால்தான் திரிவேணி. தென்னாட்டுத் தம்பதியர் இங்கே ‘வேணி தானம்’ செய்வர். கணவன் மனைவியின் கூந்தலை வாரிப் பின்னி, பூச்சூட்டி, பின்னலின் நுனியைச் சிறிது கத்தரித்து ஆற்றில் இடச் செய்வான். வீட்டில் ஒரு நாளும் மனைவியின் தலை வாரியறியாத முதியவர், ஊரார் முன்னிலையில் நடுங்கும் விரல்களால் பின்னலிடும் காட்சி காண்பவர் நெஞ்சைத் தொடும். அழகின் ஒரு நுனியை விட்டுக் கொடுப்பது பெண்ணின் பங்கு. பணிவிடை செய்யக் கற்பது ஆணின் பங்கு.

கயையில் முன்னோருக்குப் பிண்டமிடுகின்றனர். அங்கே பெற்ற தாய்க்கென்று மட்டும் தனியாக 16 பிண்டங்கள் இடப்படும். கருவுற்ற நாள் முதல் அவள் பட்ட துன்பங்களை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து ஒவ்வொரு பிண்டமாக வைக்க வேண்டும். கல் நெஞ்சரும் கலங்கும் இடம் அது. அதன் பிறகு உறவினர் அல்லாதார்க்கும், நண்பர்க்கும், பணியாளர்க்கும், பிண்டமிட எவருமின்றி இறந்தோர்க்கும் பிண்டம் உண்டு. சொந்தத் தாயில் தொடங்கும் நன்றி, முகமறியாத உயிர்கள் வரை விரிந்து செல்கிறது. இறுதியாக அட்சய வடம் என்னும் ஆலமரத்தடியில், ஒரு காய், ஒரு கனி, ஓர் இலை ஆகியவற்றை ஆயுள் முழுவதும் உண்பதில்லை என்று விட்டுவிடுவர். பாகற்காயை விட்டுவிட்டுப் புண்ணியம் தேடுவோரும் உண்டென்று பெரியோர் நகைச்சுவையாகக் கூறுவர். விரும்புவதை விட வேண்டும் என்பதே விதியின் கருத்து. பின்னாளில் விருந்தொன்றில் அந்தக் காய் இலையில் விழும்போதெல்லாம், ‘இதை நான் கயையில் விட்டேன்’ என்ற நினைவு எழும். யாத்திரை முடிந்த பின்னும் அது தொடர்ந்து வேலை செய்வதற்கு வகுத்த வழி இது.

காசியில் தமிழருக்குப் புதுமையாகத் தோன்றுவது வழிபடும் முறை. நம் நாட்டுக் கோயிலில் கோபுரம் தொலைவிலேயே அழைக்கும். அகன்ற பிராகாரங்களைக் கடக்கக் கடக்க வெளிச்சம் குறையும். கருவறையின் இருளில் தீபம் காட்டும்போது ஒரு கணம் திருமேனி புலப்படும். அடியார் எட்ட நின்றே வணங்குவர். காசியிலோ விசுவநாதர் தரையளவில் ஒரு வெள்ளித் தொட்டியினுள் எழுந்தருளியுள்ளார். அடியவரே கங்கை நீரைக் கொண்டுசென்று வார்த்துத் தொட்டு வணங்குவது அங்குள்ள மரபு. கூட்டம் பெருகியதால் நேரக் கட்டுப்பாடுகள் ஏற்பட்டுள்ளன. 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட புதிய வளாகத்தால் கோயிலுக்கும் கங்கைக்கும் இடையே இருந்த குறுகிய சந்துகளும் மாறிவிட்டன. எனினும் மரபின் கருத்து மாறவில்லை. எட்ட நின்று காண்பது இறைவனின் பெருமையை உணர்த்துகிறது. தொட்டு வணங்குவது அவனது எளிமையை உணர்த்துகிறது. ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்று கூறுவதற்கில்லை. இன்றுள்ள கோயிலை 18ஆம் நூற்றாண்டில் எழுப்பியவர் மராட்டிய நாட்டு அரசி அகல்யாபாய் என்பதும், அதன் சிகரத்திற்குப் பொன் வழங்கியவர் சீக்கிய மன்னர் ரஞ்சித் சிங் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கவை.

யாத்திரை முடிந்து ஊர் திரும்பியவர் ‘கங்கா சமாராதனை’ செய்வது வழக்கம். கொண்டுவந்த கங்கைச் செம்பைப் பூசித்து, உற்றார்க்கும் ஊரார்க்கும் உணவிட்டு, காசிக் கயிற்றையும் தீர்த்தத்தையும் பங்கிட்டுக் கொடுப்பர். போக இயலாதவர்க்கும் அதில் பங்கு உண்டு. வாய் மூடிய ஒரு செம்பு பூசை அறையிலே இருக்கும். வீட்டில் எவருக்கேனும் இறுதி வேளை வரும்போது அதைத் திறந்து ஒரு துளி நாவில் விடுவர். ஒருவர் சென்று வந்த யாத்திரை இவ்வாறு மற்றொருவரின் கடைசி யாத்திரைக்குத் துணையாகிறது.

‘காசிக்குப் போனாலும் கருமம் தொலையாது’ என்று எச்சரித்ததும் நம்மவரே. ஊரை மாற்றினால் உள்ளம் மாறிவிடாது என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். எனவே செல்ல இயலாதவரைக் கைவிடாமல், புனிதத்தை அவர்கள் வாயிலுக்கே கொணர்ந்தனர். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் சிற்றாற்றின் கரையில் எழுப்பிய கோயிலால் அவ்வூர் தென்காசி எனப் பெயர் பெற்றது. மாயூரத்தில் ஐப்பசி முழுவதும் காவிரியில் நீராடுவர். கால் ஊனமுற்ற ஒருவர் தவழ்ந்து வந்து சேர்ந்தபோது மாதம் முடிந்துவிட்டதாம். அவருக்காக இறைவன் கார்த்திகை முதல் நாளையும் சேர்த்தளித்தான் என்பர். அந்நாளுக்கு இன்றும் ‘முடவன் முழுக்கு’ என்றே பெயர்.

திருவிசநல்லூரில் சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஸ்ரீதர அய்யாவாளின் வரலாறு இன்னும் கூர்மையானது. தம் இல்லத்துச் சிராத்த உணவை, பசியோடு வந்த தாழ்த்தப்பட்ட ஒருவருக்கு அவர் கொடுத்துவிட்டார். கங்கையில் நீராடி வந்தால்தான் குற்றம் தீரும் என்று ஊரார் விதித்தனர். அவர் வேண்டவே, கங்கை அவர் வீட்டுக் கிணற்றிலேயே பொங்கி எழுந்தாள் என்பது வரலாறு. கார்த்திகை அமாவாசையில் இன்றும் மக்கள் அக்கிணற்று நீரில் முழுகுகின்றனர். விதித்தவரைத் தேடி அன்று, உணவிட்டவரைத் தேடியே கங்கை வந்தாள் என்பதை மறத்தலாகாது.

திருநாவுக்கரசர் கயிலையைக் காண விரும்பி முதுமையில் வடக்கே நடந்ததைப் பெரியபுராணம் கூறுகிறது. காசியையும் கடந்து சென்றார். கால் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார், மார்பால் ஊர்ந்தார். திரும்ப மறுத்த அவரை இறைவன் ஒரு பொய்கையில் மூழ்கப் பணித்தான். எழுந்தபோது திருவையாற்றுக் குளக்கரை. அங்கே ஆணும் பெண்ணுமாய் வந்த எளிய உயிர்களிடத்தே அவர் கயிலைக் காட்சியைக் கண்டார். அவர் நடந்தது வீணா? அன்று. நடவாதிருந்தால் திருவையாற்றிலேயே இருந்தும் அவர் அதைக் கண்டிருக்க மாட்டார்.

இப்போது நம் நிலைக்கு வருவோம். வடக்கே வந்து வேரூன்றிய தமிழர் நாம் முதல்வர் அல்லர். 17ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் காசியில் மடம் நிறுவினார். அங்குள்ள ஆட்சியாளரிடம் பேசுவதற்கு இந்துஸ்தானி மொழி கைவர வேண்டுமென்று கலைமகளை வேண்டினார் என்பது மரபு. புது ஊரில் மொழி அறியாது தவித்த அனுபவம் உள்ள நமக்கு அந்த வேண்டுதல் எளிதில் விளங்கும். நாட்டுக்கோட்டை நகரத்தார் காசியில் சத்திரம் அமைத்து, விசுவநாதர் பூசைக்குரிய பொருள்களை நாள்தோறும் ஊர்வலமாகக் கொண்டுசெல்லும் கைங்கரியத்தை நடத்தி வருகின்றனர். பாரதியார் 1898 முதல் 1902 வரை காசியில் அத்தை வீட்டில் வாழ்ந்து கல்வி பயின்றார். தில்லியில் தமிழர் முயற்சியால் குன்றின்மேல் எழுந்த முருகன் கோயில் 1973-ல் குடமுழுக்குக் கண்டது. அதற்கு உத்தர சுவாமிமலை என்று பெயர். தெற்கே ஒரு காசி. வடக்கே ஒரு சுவாமிமலை. மணலும் நீரும் போய் வந்த வழியிலேயே ஊர்ப்பெயர்களும் போய் வந்துள்ளன.

திருவாரூரில் பிறந்தால் முக்தி, காசியில் இறந்தால் முக்தி, தில்லையைக் கண்டால் முக்தி, அண்ணாமலையை நினைத்தால் முக்தி என்று நம் பெரியோர் கூறுவர். பிறத்தல், இறத்தல், காணுதல், நினைத்தல் என நான்கும் நான்கு வேறு ஊர்களில் வைக்கப்பட்டுள்ளன. ஒரே ஊரில் நான்கையும் பெற வேண்டுமென்று எவரும் விதிக்கவில்லை. நம்மில் பலர் பிறந்த ஊரில் கண்மூடப் போவதில்லை. இந்த எண்ணம் முதுமையில் நம்மை வருத்துவதுண்டு. பிள்ளைகளிடம் சொல்லவும் நா எழுவதில்லை. அத்தகையோர்க்கு இந்தப் பழைய வாக்கு ஆறுதல் மட்டும் அன்று. ஒரு வழிகாட்டியும் ஆகும். பிறப்பும் இறப்பும் நம் கையில் இல்லை. காண்பதும் நினைப்பதும் நம் கையில் உள்ளன.

ஆகவே ‘இத்தனை சடங்குகள் எதற்கு?’ என்று கேட்கும் பிள்ளைக்கு நாம் கூறக்கூடிய விடை இதுதான். யாத்திரையின் அளவு தொலைவில் இல்லை. எதைச் சுமந்து போகிறோம், எதை விட்டு வருகிறோம், யாருக்குப் பங்கிடுகிறோம் என்பதில் இருக்கிறது. ஓர் இரவில் போய் நீராடித் திரும்புவது குற்றமன்று. ஆயின் அது பாதி வழிதான். விடுமுறையில் தென்னாடு செல்லும்போது சேதுக்கரைக்குப் பிள்ளைகளையும் அழைத்துச் சென்று, அவர்கள் கையாலேயே ஒரு பிடி மணல் எடுக்கச் செய்யலாம். வடக்கே திரும்பியதும் பிரயாகையில் அதைக் கரைத்து ஒரு செம்பு நீர் எடுத்து வைக்கலாம். அடுத்த விடுமுறையில் அந்நீர் இராமநாதரைச் சென்றடையட்டும். நடுவே நம் வீட்டில் நடக்கும் சமாராதனைக்கு, நம் மொழி பேசாத அண்டை வீட்டாரையும் அழைப்போம்.

ஆண்டுதோறும் தெற்கிற்கும் வடக்கிற்குமாக நாம் போய் வந்துகொண்டுதான் இருக்கிறோம். மூட்டைகளில் அப்பளமும் வடகமும் காப்பிப் பொடியும் தவறாமல் இடம் பெறுகின்றன. அவற்றுடன் ஒரு பிடி மணலுக்கும் ஒரு செம்பு நீருக்கும் இடம் ஒதுக்குவது பெரும் பாரமாகாது.